பிடித்து விடுதல்

மீனைத் தூண்டிலில் பிடித்து, கையில் ஏந்தி ஒரு கணம் பார்த்து, மறுபடி நீரிலேயே விட்டுவிடுவது கருணையா, அல்லது கருணையின் சாயல் கொண்ட வேறு ஏதாவதா? கேள்வி அற்பமாகப் படலாம். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் பட்டது. ஆனால் கொல்லாமல், தின்னாமல், ஓர் உயிரோடு நாம் நடத்தும் இந்த விவகாரத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை என்பதைக் கவனித்த பிறகு, கேள்வி லேசில் என்னை விடவில்லை.

அமெரிக்காவின் மேற்கு மலைகளில், மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் ஆறுகளில், கோடைக்காலத்தில் இது ஒரு பெரிய காரியம். இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு டிரௌட் என்ற மீனைப் பிடிக்கிறார்கள். புழுவோ இரையோ கோப்பதில்லை. முள்ளின்மேல் இறகும் நூலும் ரோமமும் சுற்றி ஒரு பொய் ஈயைக் கட்டுகிறார்கள். ஈக்கு எடை இல்லை. எனவே கயிற்றின் எடையையே வீசி, ஈயை நீர்ப்பரப்பில் ஒரு பூச்சி இறங்குவதுபோல் இறக்க வேண்டும். அன்றைக்கு ஆற்றில் எந்தப் பூச்சி பொரித்து மேலே வருகிறது, மீன் எந்தக் கல்லின் நிழலில் நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பல வருஷப் பயிற்சி கேட்கும் கலை. ஐசக் வால்ட்டன் 1653இல் தூண்டிலைப் பற்றி எழுதிய நூலிலிருந்தே இங்கிலீஷ் மரபில் இது சிந்தனையாளனின் பொழுதாக, கிட்டத்தட்டத் தியானமாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. பிடித்த மீனை விட்டுவிடுவது சென்ற நூற்றாண்டில் இதனோடு சேர்ந்துகொண்ட நாகரிகம்.

வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத திருமயத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த மீனும் இங்கே வந்திருக்கிறது என்பது முதல் பதில். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1863இல் டிரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு சென்னை அரசாங்கத்தின் மீன்வளர்ப்பு நிபுணரான எச். சி. வில்சன் வெற்றி பெற்றார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. நிலைத்தது வானவில் டிரௌட். அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையை அடுத்த ஆறுகள். இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று போயிருக்கிறது. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள் உண்டு. பொய் ஈக்குக் கண் வைக்க அதைப்போல் வேறொன்று இல்லை என்று அந்தக் கலைஞர்கள் கண்டார்கள். நம் சேவல்களின் கழுத்துத் தோல் கப்பலேறியது. இன்று அந்தப் பறவையை வேட்டையாடுவது சட்டவிரோதம்.

இரண்டாவது பதில், நானும் அதைச் செய்திருக்கிறேன்.

முப்பது வருஷங்களுக்கு முன், உத்தியோக நிமித்தம் உதகையில் இருந்தபோது, ஒரு மே மாதம். தூண்டில் பித்துக்கொண்ட நண்பர் ஒருவர் உரிமச் சீட்டு வாங்கி, அவலாஞ்சிக்கு மேலே ஓர் ஓடைக்கு என்னை அழைத்துப்போனார். நல்ல மனிதர். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கினார். மீனின் வாய் கிழியாமல் முள் கழன்று வருமாம். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை எடுத்துவிடும் என்றார். சாயங்காலம் எனக்கு ஒரு மீன் கிடைத்தது. ஒரு சாண் நீளம். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளிகள். அவ்வளவு அழகான ஒன்றை அதற்குமுன் நான் கையில் வைத்திருந்ததில்லை. அதனாலேயே அதிக நேரம் வைத்திருந்துவிட்டேன். நீரில் விட்டபோது ஓட்டத்தை எதிர்த்து ஒரு கணம் நின்றது. பிறகு மெல்லச் சாய்ந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது. பாறை விளிம்பைத் தாண்டி நீரோடு கீழே போயிற்று. ‘தேறிவிடும்’ என்றார் நண்பர். நாங்கள் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து இதை ஒரு சாகசமாக அப்பத்தாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: ‘திங்காத மீன எதுக்குய்யா புடிச்ச?’

அவள் எங்கிருந்து கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றி முழங்காலளவு நீர் எஞ்சும்போது, ஊர்கூடி மீன் பிடிப்பதற்குக் கம்மாய் அழிப்பது என்று பெயர். பத்திரிகைகள் இப்போது மீன்பிடித் திருவிழா என்று எழுதுகின்றன. விடியலிலேயே சுற்றுப்பட்ட ஊர்ச் சனம் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையும் கூடையுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கெண்டை, கெளுத்தி, விரால், இப்போது ஜிலேபி, கட்லா. ஒரு மணி நேரத்தில் கண்மாய் சேறாகிவிடும். அன்று பிடித்தது பெரும்பாலும் விலைக்குப் போகாது. குழம்புக்குத்தான். இறங்க மாட்டாத கிழவிகள் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். அன்று இரவு ஊர் முழுக்க ஒரே வாசனை.

இதைப் புனிதப்படுத்த நான் தயாராக இல்லை. மிதிபட்டுச் செத்த குஞ்சுகளைச் சேற்றில் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பைக்குள் வெகுநேரம் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்த கெளுத்தியையும் பார்த்திருக்கிறேன். உயிர்க்கணக்கு, வேதனைக்கணக்கு என்று எடுத்தால் எங்கள் கண்மாய் ஒரே காலையில் தோற்றுப்போகும். ஆனால் அழிப்பது என்ற அந்த வினைச்சொல் பொய் சொல்லவில்லை. செய்கிற காரியத்தை அதன் பெயராலேயே சொல்கிறது. அழித்ததன் முடிவு அன்றிரவு அவரவர் அடுப்படிக்கு வந்து சேர்கிறது. அதைப் பார்க்காமல் யாரும் தப்ப முடியாது.

ஓடையில் நடப்பது வேறு. அங்கே பிடிப்பவன் தேடிப் போவது மீனை அல்ல, மீனின் போராட்டத்தை. கயிற்றின் வழியாகக் கைக்கு வரும் அந்தத் துடிப்பை. துடிக்காமல் சருகுபோல் கரைக்கு வரும் மீனுக்காக யாரும் குளிரில் நிற்கப்போவதில்லை. பசி இல்லை, பங்கு இல்லை, வற்றப்போகும் நீர் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. காரியத்தின் குறிக்கோள் முழுவதும் பிடிப்பவனின் மனசுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியென்றால், விடும்போது அவன் எதை விட்டுக்கொடுக்கிறான்? அவனுக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. விட்டதனால் பிடித்தது இல்லையென்று ஆகிவிடாது.

மீனுக்கு வலியே இல்லை என்றால் இந்த விசாரம் வீண். 2002இல் வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரோஸ் அப்படித்தான் வாதிட்டார். வலியை உணர்வாக அனுபவிக்கத் தேவையான மூளைப் புறணி மீனுக்கு இல்லை என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெட்டனும் அவருடைய சகாக்களும் இதே வானவில் டிரௌட்டை ஆராய்ந்து, அதன் தலைப்பகுதியில் வலியேற்கும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உடலை இருபுறமும் ஆட்டின. உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. வெகுநேரம் இரை எடுக்கவில்லை. விவாதம் இன்றும் முடியவில்லை. எங்கள் ஊருக்குப் பழைய பெயர் திருமெய்யம். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. உடம்பு தெரிவிப்பதை உண்மையல்ல என்று தள்ள, அந்த வெள்ளை வயிற்றைப் பார்த்தபின் எனக்குத் துணிவு வரவில்லை.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அது 26ஆவது. கொல்லாமைக்குத் தனியாக இன்னொன்று, 33ஆவது. பிடித்து விடுபவன் இரண்டையும் தலைநிமிர்ந்து தாண்டிவிடலாம். அவன் தின்னவும் இல்லை, கொல்லவும் இல்லை. ஆனால் கொல்லாமைக்குச் சற்று முன்னாலேயே 32ஆவதாக இன்னா செய்யாமை நிற்கிறது. கொலை வரை போகாத துன்பத்துக்கும் கணக்கு உண்டு என்று கருதியிராவிட்டால் அதைத் தனி அதிகாரமாக வைத்திருக்கத் தேவையில்லை. ஸ்விட்சர்லாந்து 2008இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகின்றன. விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதை அவை தடை செய்கின்றன. தின்பதற்கென்றால் பிடிக்கலாம். அப்பத்தாவின் கேள்வி அங்கே சட்டமாகியிருக்கிறது.

ஆனால் இத்தோடு தீர்ப்பெழுதி முடித்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பிடித்து விடுபவனின் கட்சியில் ஒரு பலமான வாதம் இருக்கிறது. அவனைப்போல் ஆற்றை அறிந்தவன் வேறு யார்? மொன்டானாவில் கோடையில் ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடுவதற்குத் தடை வருகிறது. வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு. அங்கே போராடிக் களைத்த டிரௌட், விட்ட பின்னும் செத்துப்போகும் என்று கண்டுகொண்டதன் விளைவு இது. அதாவது யாரோ இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கண்மாயைத் தின்ற நாங்கள் என்ன செய்தோம்? வரத்துக்கால்கள் மேடானதையும் கண்மாய்க்குள் சீமைக்கருவேல் அடர்ந்ததையும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்படிக்கு வந்ததைப் பார்த்தோம், அடுத்த வருஷத்துத் தண்ணீரைப் பார்க்கவில்லை. தின்பதால் மட்டும் ஓர் உறவு நியாயமாகிவிடாது.

ஆனால் ஆற்றை அறிவதும் மதிப்பதும் ஒன்றுதானா? நீலகிரி ஓடைகளில் விளையாட்டுக்குத் தக்க மீன் இல்லை என்பது வெள்ளைக்காரனுக்கு ஒரு குறையாகத் தெரிந்தது. குறையை நிரப்பினான். அதே மலையில் தொதவர்கள் இருந்தார்கள். மரபாகப் புலால் உண்ணாதவர்கள். பைக்காரா அவர்களுக்குத் தெய்வம். அதைக் கடக்கும்போது வலக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மரியாதை காட்டும் வழக்கத்தை 1906இல் வெளிவந்த தன் நூலில் ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் ஆற்றில் எதையும் பிடிக்கவில்லை, எனவே விடவும் வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆற்றை அது இருக்கிறபடியே கடந்துபோவது. அந்த இடத்துக்கு என்னால் திரும்ப முடியும் என்று நான் பாவனை செய்யவில்லை. நான் மீன் தின்கிறவன். ஆனால் வெறும் ஓடை என்று எதுவும் இல்லை என்பதை அந்தக் கை ஞாபகப்படுத்துகிறது.

இதை எழுதும்போது வேறொன்றும் உறுத்துகிறது. எழுதுகிறவர்களே படிக்கும் இந்தப் பக்கங்களில் அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. நாமெல்லாம் அனுபவத்தைத் தேடிப் போகிறவர்கள். என் அத்தை ஒருத்தியின் வாழ்க்கையைக் கதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். எதிர்க்கொக்கியை நசுக்கிவிட்டேன் என்றுதான் அப்போது நம்பினேன். கதை பாராட்டப்பட்டது. யாரோ அதை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது அத்தை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகச் சொல்லும் ‘சாப்பிட்டுட்டுப் போப்பா’ மட்டும் வரவில்லை. எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் அவளை அவள் வாழ்க்கைக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக எண்ணி, அதைக் கண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டுக்கு அதற்கப்புறம் நான் எத்தனை முறை போனேன் என்று கேட்டால் பதில் எனக்குச் சாதகமாக இல்லை.

கொல்வதா விடுவதா என்பதில் அல்ல, செய்ததன் பின்னாலேயே நாம் எவ்வளவு தூரம் போகத் தயார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கண்மாய்க்காரனுக்கு அந்தத் தூரம் வீடுவரை. மொன்டானாவில் நீரின் சூட்டை அளந்தவன் இன்னும் சற்றுத் தள்ளிப் போயிருக்கிறான். அந்த மே மாதச் சாயங்காலம் எனக்கு அது பாறைக்குக் கீழே இருபது அடி. வெளிச்சம் இன்னும் இருந்தது. மீன் ஒருவேளை தேறியிருக்கலாம். நண்பர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். நாங்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, காபி குடிக்க மேலே ஏறிவிட்டோம்.