பீடத்திற்கும் மண்டபத்திற்கும் நடுவே



இன்று உங்கள் நெற்றியில் பூசிய சாம்பல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடினோமே, அந்த ஓலைதான். ஆண்டு முழுவதும் உங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. போன வாரம் கொண்டுவந்து கோவில் வாசலில் வைத்த கூடையில் போட்டீர்கள். நேற்று மாலை உபதேசியாரும் நானும் அதை ஒரு மண்சட்டியில் இட்டு எரித்தோம். சில ஓலைகளைச் சிலுவையாகப் பின்னியிருந்தீர்கள். எரிந்து கருத்த பிறகும் அந்தப் பின்னல் கலையாமல் இருந்தது. விரல் பட்டதும் பொடிந்துபோனது. மெல்லிய துணியில் சலித்தபோது அத்தனை வீட்டு ஓலையும் ஒரு சின்னத் தட்டுக்குள் அடங்கிவிட்டது. கீழத்தெரு ஓலை எது, மேலத்தெரு ஓலை எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

இன்றைய முதல் வாசகத்தில் யோவேல் இறைவாக்கினரைக் கேட்டோம். வெட்டுக்கிளி வந்து வயலைத் தின்றுவிட்டது. தானியம் இல்லை, திராட்சை இல்லை, ஆலயத்தில் காணிக்கை வைக்கவும் ஒன்றுமில்லை. நாட்டுக்கே கேடு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் யோவேல் அரண்மனை வாசலில் போய் நிற்கவில்லை. ஊரைக் கோவிலுக்குக் கூப்பிடுகிறார். முதியவர் வர வேண்டும், பால் குடிக்கும் குழந்தை வர வேண்டும், மணவறையை விட்டுப் புது மாப்பிள்ளையும் பெண்ணும் வர வேண்டும். அப்படி எல்லாரும் கூடிய இடத்தில் அழச் சொல்லி அவர் யாருக்குக் கட்டளை கொடுக்கிறார் என்று கவனித்தீர்களா? குருக்களுக்கு. மண்டபத்துக்கும் பீடத்துக்கும் நடுவே நின்று குருக்கள் அழட்டும் என்கிறார். இந்த வசனத்தை நான் எத்தனையோ ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சொன்னது என்று உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நாட்டுக்காக மன்றாடும்போதெல்லாம் நாம் எடுத்துக்கொள்ளும் இறைவார்த்தை ஒன்று உண்டு. குறிப்பேடு இரண்டாம் நூல், ஏழாம் அதிகாரம். சாலமோன் கோவிலைக் கட்டி அர்ப்பணித்து முடித்த பிறகு, ஓர் இரவில் கடவுள் அவருக்குத் தோன்றுகிறார். மழை நின்றுபோகும் நாளும், கொள்ளைநோய் வரும் நாளும் வரலாம். அப்போது தம் பெயரைத் தாங்கிய மக்கள் தங்களைத் தாழ்த்தி, மன்றாடி, தம் முகத்தைத் தேடி, தீய வழியை விட்டுத் திரும்பினால், மன்னித்து நாட்டை நலமாக்குவதாக வாக்களிக்கிறார். நாட்டில் உள்ள எல்லாரும் திருந்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தம் பெயரைத் தாங்கியவர்களிடம்தான் கேட்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். இவ்வளவு சிறிய கூட்டத்தின் மனமாற்றத்தால் நாட்டுக்கு என்ன ஆகிவிடும் என்று நமக்குத் தோன்றலாம். கடவுளுக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வரிசையையும் பாருங்கள். தாழ்மைதான் முதலில், மன்றாட்டு அதற்குப் பிறகு. நாமோ நேரே மன்றாட்டில் தொடங்குகிறோம். ஆகஸ்டு 15 அன்று விண்ணேற்பு அன்னையின் திருநாள் திருப்பலி வைத்து, வாசலில் கொடியேற்றி, நாட்டின் தலைவர்களுக்காகவும் ஊழல் ஒழியவும் மன்றாடுகிறோம். நல்லதுதான். ஆனால் தேர்தலுக்கு முந்தின இரவு வீடு தேடி வந்த கவரை நம்மில் எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தோம்? கோவிலில் மூன்று ஓலை வாசித்து நடத்திவைக்கும் திருமணங்களில், நகையும் ரொக்கமும் பேசி முடிக்காமல் இங்கே வருபவை எத்தனை? இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இந்தப் பீடத்தில் நின்று ஓலை வாசித்திருக்கிறேன்.

ஆனால் இன்று நான் பேச வந்தது வேறொரு பாவத்தைப் பற்றி. அதைச் சொல்ல உங்களை வடக்கன்குளத்துக்கு அழைத்துப் போக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி. உங்களில் பலர் திருப்பயணமாகப் போயிருப்பீர்கள்.

நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். துன்பத்தில் துவண்டிருந்த அவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். உயர்ந்தவர் என்று மதிக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், ஒதுக்கப்பட்டவர்களோடு பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார். 1749இல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நாம் இங்கே வெடி வெடித்து இனிப்புக் கொடுத்தோம்.

அவர் திருமுழுக்குப் பெற்று 127 ஆண்டுகள் கழித்து, 1872இல், அதே வடக்கன்குளத்தில் ஒரு கோவில் எழுந்தது. ஒரே பீடம். அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து சென்றன. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர்கள் மறு கூடத்தில், நடுவே சுவர். ஒரே திருப்பலி, ஒரே அப்பம். ஆனால் அந்த அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கோவிலில் இரண்டு பக்கத்தையும் பார்க்கக்கூடியவர் பீடத்தில் நின்ற குரு ஒருவர்தான். கெட்ட எண்ணத்தோடு கட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சண்டை ஓயட்டும், எப்படியாவது எல்லாரும் கோவிலுக்கு வரட்டும் என்று செய்துகொண்ட சமரசம் அது. யோவேல் குருக்களை நின்று அழச் சொன்ன இடத்தில் அந்தச் சுவர் எழுந்தது.

அது 38 ஆண்டுகள் நின்றது. 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். ஊர் கொதித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோவிலுக்குள் தனி இடம் எங்கள் உரிமை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அந்த 38 ஆண்டுகளை நான் அடிக்கடி நினைப்பேன். எத்தனை தவக்காலம் வந்துபோயிருக்கும்! ஒவ்வோர் ஆண்டும் சாம்பல் தட்டை ஏந்திக்கொண்டு குரு முதலில் ஒரு கூடத்துக்குப் போயிருப்பார், பிறகு மறு கூடத்துக்குப் போயிருப்பார். நீ மண் என்று இரு பக்கமும் சொல்லியிருப்பார். மழைக்காக மன்றாடியிருப்பார்கள், காலரா நீங்க மன்றாடியிருப்பார்கள். அந்த மன்றாட்டுகளைக் கடவுள் கேட்கவில்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் சுவரை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இது பழைய கதை என்று எழுந்து போய்விட முடியாது. நான் குருவாகி இரண்டாம் ஆண்டு, ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். பாதுகாவலர் திருநாள், தேர்ப் பவனி. இரவு பதினொரு மணி இருக்கும். தேர் ஒரு தெரு முனையில் நின்று, தூபம் காட்டியதும் அப்படியே திரும்பியது. அந்தத் தெருவுக்குள் ஏன் போகவில்லை என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "வழக்கம் அப்படித்தான் சாமி" என்றார். தெரு முனையில் ஒரு பாட்டி மெழுகுதிரி பிடித்து நின்றிருந்தார். காற்றில் அணையாமலிருக்கச் சுடரை உள்ளங்கையால் மறைத்திருந்தார். மெழுகு வழிந்து அவர் கட்டைவிரல் மேல் உறைந்திருந்தது. தேர் திரும்பியதும் கும்பிட்டுவிட்டுத் திரியை ஊதி அணைத்தார். வியப்போ கோபமோ அவர் முகத்தில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பார்த்துப் பழகிய முகம். நான் மைக்கைப் பிடித்து அடுத்த பத்து மணி செபமாலையை நாட்டின் ஒற்றுமைக்காக ஒப்புக்கொடுப்போம் என்று சொல்லி நடந்தேன்.

அந்த இரவில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் இதை அறிக்கையிட்டிருக்கிறேன், மன்னிப்பும் பெற்றேன். ஆனாலும் அந்தப் பாட்டியின் தெருவுக்கு நான் பட்ட கடன் தீரவில்லை. அதனால்தான் உங்கள் முன்னும் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று நாம் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். 1950இல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதியினரின் உரிமை மறுக்கப்படுகிறது. அந்தப் போராட்டம் நியாயமானது. நான் அதில் நிற்கிறேன், இனியும் நிற்பேன். ஆனால் அரசிடம் நீதி கேட்டு முழக்கமிடும் நாம், நம் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும். பிணத்துக்கும் தனிப் பாதை, தனி வரிசை வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தம்மைச் சந்திக்க வந்த தமிழக ஆயர்களிடம் இந்தச் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை இதைப் பாவம் என்றே எழுதிக் கொடுத்தது. தாள் வந்துசேர்ந்துவிட்டது. தேர் இன்னும் பல ஊர்களில் தெரு முனையில்தான் திரும்புகிறது.

இதையெல்லாம் வெளியே பேசினால் திருச்சபைக்குத்தானே அவமானம், பகைவர் கைக்கு நாமே கம்பு எடுத்துக் கொடுக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அதே திருத்தந்தையிடமும் அப்படித் தயங்கிச் சொன்னவர்கள் இருந்தார்கள். 2000 மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. நடுங்கும் கையோடு அவர் புனித பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் பிள்ளைகள் நூற்றாண்டுகளாகச் செய்த பாவங்களுக்கு உலகத்தின் முன் மன்னிப்புக் கேட்டார். ஏழு பாவ அறிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. முடிவில் பாடுபட்ட சுரூபத்தைக் கட்டி அணைத்துக்கொண்டார். அதனால் திருச்சபை சிறுத்துப்போகவில்லை. தானியேல் தம் மக்களுக்காக மன்றாடும்போது, தாம் செய்யாத பாவத்துக்கும் சேர்த்து நாங்கள் பாவம் செய்தோம் என்றுதான் சொல்கிறார். நெகேமியாவும் எருசலேமுக்காக அழும்போது, நானும் என் தந்தை வீட்டாரும் என்று சேர்த்துத்தான் அறிக்கையிடுகிறார். என் தாத்தா காலத்து வழக்கத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்பவர்கள் தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் வாசியுங்கள்.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் உங்களிடம் நான் கேட்பது இதுதான். மாமிசம் விடுங்கள், நோன்பு இருங்கள். அதோடு நில்லாமல், நீங்கள் இதுவரை தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஒரு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். அன்பியக் கூட்டத்தை உங்கள் தெருவுக்குள்ளேயே முடித்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஒப்புரவுத் தொட்டியில் இருப்பேன். வரும்போது, செபம் சொல்ல மறந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், யாருடைய முகத்தைப் பார்க்க மறுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையை வழக்கம்போல் கோவிலுக்குள் வைக்கப்போவதில்லை. மேய்ப்புப் பேரவையில் பேசியாகிவிட்டது. மாலை ஆறு மணிக்குக் கீழத்தெருக் கடைசி வீட்டு வாசலில் முதல் நிலை. அங்கிருந்து மேலத்தெரு வழியாகக் கோவில் வரை. மரச்சிலுவை கனமானது, ஒருவரால் தூக்க முடியாது. முதல் நிலையில் நான் தோள் கொடுக்கிறேன், செருப்பில்லாமல் நடக்கிறேன். என்னோடு தூக்க ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு பேர் வேண்டும், இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர். பெயர் கொடுக்க வேண்டாம். வாருங்கள்.