பன்றிக்கோடும் வேட்டை அறமும்

விளைச்சலை அழிக்கும் விலங்கைக் கொல்வது அறமாகுமா என்னும் வினா மிகப் பழையது. கொன்ற விலங்கின் கோட்டைப் பெயர்த்தெடுத்துச் சுவரில் பதித்து வைத்தல் அறமாகுமா என்பது அதனின் வேறான வினா. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. முதல் வினாவிற்குக் கிடைக்கும் உடன்பாடு, கேட்பாரின்றி, இரண்டாவதற்கும் சென்று சேர்ந்துவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களில், சிறப்பாக டெக்சாசில், நிகழும் இரவுநேரப் பன்றிவேட்டை இவற்றைப் பிரித்து நோக்குவதற்கு ஏற்ற களமாகும்.

அங்குள்ள பன்றி அம்மண்ணுக்கு உரிய விலங்கன்று. 1539இல் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் கரையிறங்கியபோது உணவுக்கென வீட்டுப்பன்றிகளை உடன்கொண்டு வந்தார். பின்வந்த குடியேறிகளும் தம் பன்றிகளைக் கட்டின்றித் திரியவிட்டு வளர்த்தனர். 1912இல் வட கரோலினா மலைப்பகுதியில் வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் கொண்டுவரப்பட்டன. தப்பியவையும் விடப்பட்டவையும் கலந்து பெருகிய இனமே இன்று டெக்சாசில் மட்டும் இருபது இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. நிலக்கடலை, சோளம், நெல் எனப் பயிர் வேறுபாடு பாராமல் ஓரிரவில் வயலைக் கிளறிப் போடும் இவ்விலங்கைக் கட்டுப்படுத்த 2014இல் நடுவணரசே தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. டெக்சாசில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் உலங்கூர்தியிலிருந்து சுடுவதற்கு வழி திறந்தது. 2019இல் நில உரிமையாளரின் இசைவு இருப்பின் வேட்டை உரிமமே வேண்டா என்றாயிற்று. மனிதன் கொணர்ந்து மனிதன் கைவிட்ட விலங்கு, மனிதனாலேயே பகை எனப் பெயரிடப்பட்டது என்பதை இவண் மறத்தலாகாது.

வெப்பத்தாலும் வேட்டையின் நெருக்குதலாலும் பன்றி இரவில் இயங்குவது. எனவே வேட்டையும் இரவுக்கு மாறியது. உடல்வெப்பத்தை ஒளியுருவாகக் காட்டும் கருவி துப்பாக்கியின் மேல் பொருத்தப்படுகிறது. இருள் இப்போது விலங்குக்கு மட்டுமே இருள். வேட்டைக்கு உரிய சமநிலை பற்றி எழுப்பப்படும் வழக்கமான வினாவிற்கு இங்கு ஓர் ஆயத்தமான விடை உண்டு: ‘இது விளையாட்டன்று, பயிர்க்காவல், காவலில் சமநிலை எதற்கு?’ இவ்விடை வலிமையானதே. பயிர்க்காவல் என்ற அளவில் நின்றால் அதை மறுப்பது எளிதன்று.

ஆயின் கோடு அவ்வளவில் நிற்க விடுவதில்லை. ஆண்பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல் வாழ்நாள் முழுதும் வளர்வது. மேற்பல்லோடு உராய்ந்து தானே கூர்மை பெறுவது. அதன் பெரும்பகுதி தாடையெலும்பினுள் புதைந்திருப்பதால், தாடையைக் கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்த பின்னரே முழுமையாக உருவியெடுக்க இயலும். நீண்ட கோடு முதிர்ந்த ஆணுக்கே உண்டு. முதிர்ந்த ஆணோ பெரும்பாலும் தனித்துத் திரிவது. வயலைக் கூட்டமாக வந்து அழிப்பவை பெண்பன்றிகளும் குட்டிகளும். பெண்பன்றி ஓராண்டு நிறையும் முன்னரே ஈனும் பருவம் எய்துகிறது. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை இடுகிறது. ஓர் ஆண் வீழ்ந்தால் அதனிடத்தை மற்றோர் ஆண் நிரப்பும், பிறப்பு குறையாது. ஆண்டுதோறும் மூன்றில் இரு பங்கை அகற்றினாலன்றி எண்ணிக்கை பெருகாது நிற்பதில்லை என்பது டெக்சாஸ் வல்லுநர் கணிப்பு. ஆகவே கோட்டை நோக்கிக் குறிவைப்பவன் பயிர்க்காவலின் பெயரால் பயிர்க்காவலுக்குப் பயன் குறைந்த விலங்கையே தேர்ந்து கொல்கிறான். அவன் கூறும் காரணமும் அவன் தேர்வும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

இம்முரண் தனிமனித உளநிலையோடு முடிவதன்று. டென்னசி மாநிலம் 1999இல் பன்றித்தொகையைக் குறைக்கும் நோக்கில் மாநிலம் முழுவதும் கட்டற்ற வேட்டைக்கு இசைவளித்தது. அதுவரை சில மாவட்டங்களில் மட்டும் இருந்த பன்றி அடுத்த பத்தாண்டில் எங்கும் பரவியது. வேட்டை இன்பம் கருதி மக்களே பன்றிகளைப் புதிய இடங்களில் கொண்டுபோய் விட்டதே காரணம். 2011இல் அரசு அவ்விசைவைத் திரும்பப் பெற்றது. மிசௌரி 2016இல் தன் இயற்கைவளத் துறை நிலங்களில் பன்றிவேட்டையைத் தடைசெய்து, கூட்டத்தை முழுமையாகப் பிடிக்கும் பொறிக்கூண்டு முறையைக் கைக்கொண்டது. ஒழிக்க வேண்டிய பொருளை விரும்பத்தக்கதாக ஆக்கினால் அதை ஒழிக்க எவருக்கும் மனம் வாராது. கோடு அத்தகைய விருப்பத்தின் பருவடிவம்.

வேட்டையின் மெய்யியல் பேசியோர் இவ்விடத்தை அணுகாமல் இல்லை. ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ காசெத், வேட்டுவனுக்குக் கொலை நோக்கமன்று, வேட்டை நிறைவுறுவதன் அடையாளமே என்று கருதினார். அமெரிக்கரான ஆல்டோ லியோபோல்ட் 1949இல் வெளிவந்த தம் நூலில், வேட்டைச் சின்னத்தை உடையவன் ஓரிடம் சென்று ஒன்றைச் செய்தான் என்பதற்கான சான்றிதழாகக் காண்கிறார். சான்றிதழ் பிறருக்குக் காட்டுவதற்கு உரியது. காவலுக்குச் சான்றிதழ் வேண்டுவதில்லை. அதற்கு விளைந்த கதிரே சான்று.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு இரு காட்சிகளில் தெளிவாக உணர்த்துகிறது. மலைபடுகடாத்தில் பன்றிக்கு அஞ்சிய புனக்காவலர், அது நுழையும் வழிதொறும் கல்லாலான அடார்ப் பொறிகளை மாட்டி வைத்துள்ளனர். அவ்வழியே செல்லும் கூத்தர்க்கு, இருளில் நடவாது விடிந்தபின் செல்லுமாறு கூறப்படுகிறது. அங்கு வேட்டைப் பெருமிதம் இல்லை. பொறியில் யார் சிக்கக்கூடும் என்னும் கவலை இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்தி உடும்பில் சென்று தைக்கிறது. பெருமைக்கு இதனினும் மிக்க களம் இல்லை. எனினும் பாணர்குழு தன் புகழைப் பாடக் கேட்ட ஓரி நாணுகிறான். ஊன் புழுக்கும் தேறலும் பொன்னும் மணியும் அவர்க்கு வழங்குகிறான். வேட்டையின் பயன் கொடையாகப் பிறர்கைச் செல்கிறது. வன்பரணர் ஓரியின் வில்லாற்றலைக் குறைத்துப் பாடவில்லை என்பதும், அவன் நாணத்தை அதனருகிலேயே வைத்தார் என்பதும் ஒருங்கே நோக்கத்தக்கன. சங்கச் சமூகம் விலங்கின் பல்லை அணியாத சமூகமும் அன்று. குறுந்தொகை 161 புதல்வனுக்குப் புலிப்பல் தாலி அணிந்திருந்ததைக் கூறுகிறது. அப்பல் தந்தையின் புகழுக்காக அன்றி, மகனின் காப்புக்காக அணியப்பட்டது.

மறுதரப்பின் வாதம் ஒன்று எளிதில் தள்ளத்தக்கதன்று. சுட்ட பன்றிகளை வயலிலேயே அழுகவிட்டுச் செல்வோர் பலர். அவரினும், கோட்டை எடுத்துப் பேணுவோன் அவ்வுயிரை ஓர் உயிராக நினைவில் கொள்கிறான் அல்லவா? கொள்ளலாம். ஆயின் அவன் நினைவில் கொள்வது விலங்கையா, தன்னையா என்பதைக் கோட்டின் நீளத்தை அவன் அளந்து சொல்லும் வழக்கமே காட்டிவிடுகிறது. நினைவுக்கு அளவுகோல் எதற்கு?

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் கூர்மையானது. இங்குக் காட்டுப்பன்றி மண்ணுக்குரிய இனம் என்பதால் நிலைமை வேறு எனினும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இசைவு பெற்றுக் கொல்லப்பட்ட விலங்கையும் அதன் உறுப்பையும் அரசின் உடைமையாக்குகிறது. பயிர்க்காவலுக்காகச் சுடும் உரிமை உழவர்பால் சென்று சேரும் இடங்களிலும், கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் வழங்கப்பட்டபோதும், கோட்டுக்கு உரிமை எவருக்கும் தரப்படவில்லை. தீங்குயிர் என அறிவிக்கப்படும் விலங்குக்கு மட்டும் இவ்வுடைமை விதி பொருந்தாது. உத்தராகண்டில் 2016இல் காட்டுப்பன்றி அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கொல்வதற்கு வேண்டிய கட்டுப்பாடு எங்கு முற்றிலும் நீங்குகிறதோ, அங்கேயே கோட்டை வைத்துக்கொள்வதற்கான தடையும் நீங்குகிறது.