சிறு மகிழ்ச்சி: பற்றா, பேறா?

அன்றாட வாழ்வில் கேளாமலே வந்து வாய்க்கும் சிறு மகிழ்ச்சிகளுக்கு, அதாவது விடியற்காலைக் காபிக்கும் மழைவிட்ட தெருவின் மண்வாசனைக்கும் அடுத்த வீட்டு வானொலியில் கேட்கும் பழைய பாட்டுக்கும், மெய்யியலில் என்ன இடம் என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சமய மரபு ஒரே விடையைத் தந்ததில்லை. ஒரு சாரார் அவற்றைப் 'பற்று' என்றனர். உயிரைப் பொருள்களோடு பிணித்து மீண்டும் மீண்டும் பிறவிக்கு இழுக்கும் கட்டையே அவர்கள் அவ்வாறு குறித்தனர். மற்றொரு சாரார் அவற்றைப் 'பேறு' என்று கொள்ள இடமளித்தனர். முயன்று ஈட்டியதாக இல்லாமல் அருளால் வந்து சேரும் கொடை என்பது அவர்கள் கருத்து. இவ்வழக்கை ஏடுகளுக்குள் மட்டும் வைத்துத் தீர்ப்பதைவிட, மக்கள் வாழும் ஓர் இடத்தின்மேல் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். பெங்களூரின் லிங்கராஜபுரம் அதற்குப் பொருத்தமான இடம்.

லிங்கராஜபுரத்தில் சுற்றுலாப் பயணிகள் தேடிவரத்தக்க அரண்மனையோ ஏரிக்கரைப் பூங்காவோ இல்லை. இருப்புப்பாதையைக் கடக்கும் மேம்பாலமும், நெருங்கி நிற்கும் வீடுகளும், கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் அமைந்த தெருக்களும், தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியவை ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கும் பேச்சுமே அதன் அடையாளம். சீரங்கப்பட்டணத்திலிருந்து படையை மாற்றி 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் பாளையம் அமைத்தபோது, மக்கள் வழக்கில் 'தண்டு' எனப்பட்ட அப்பகுதிக்குச் சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் கொத்தர்களாகவும் வணிகர்களாகவும் தமிழர் திரளாக வந்தனர். மைசூர் அரசு 1881இல் உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னும் தண்டு மட்டும் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1898இன் கொள்ளைநோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்க ஃபிரேசர் டவுன் போன்ற புதுக் குடியிருப்புகள் எழுந்தன. 1949இல் தண்டும் பழைய நகரும் ஒரே மாநகராட்சியாயின. ஃபிரேசர் டவுனுக்கும் காக்ஸ் டவுனுக்கும் அப்பால் நகரம் விரிந்தபோது அதன் வீச்சுக்குள் வந்த பகுதிகளில் ஒன்றே லிங்கராஜபுரம். அங்குள்ள தமிழரில் பலருக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஆர்க்காட்டுப் பக்கத்திலோ சேலத்துப் பக்கத்திலோ ஒரு பெயர் உண்டு. பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர். ஏக்கமும் மகிழ்ச்சியும் ஒரே வீட்டில் குடியிருக்க இதைவிடத் தகுந்த சூழல் வேண்டியதில்லை.

பற்று என்போரின் வாதம் வலுவானது. 'நிலையாமை', அதாவது தோன்றிய எதுவும் நில்லாது அழியும் என்னும் கொள்கை, சமணரும் பௌத்தரும் தமிழுக்கு ஆழமாக வழங்கிய அறிவு. நாலடியாரும் மணிமேகலையும் அதனை விளக்குகின்றன, திருக்குறளும் அதற்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்குகிறது. இவ்வாதத்தின்படி காபியின் மணத்தில் மகிழ்பவர் அது ஆறிப்போவதையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். இன்பம் சிறியதாக இருப்பதால் கட்டு சிறியதாகிவிடாது. நூலிழையும் கட்டும் என்ற இந்த எச்சரிக்கையைப் புறந்தள்ளுபவர் மெய்யியலுக்குள் வராமல் வெறும் இனிய பேச்சோடு நின்றுவிடுவர்.

ஆயினும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வேறொரு கோணத்திலிருந்து தொடங்குகிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலின்மேல் புலப்படுவது. மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றான உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களைக் கூறும் அந்நூல், அவ்வுவகையைப் பிறரைத் துன்புறுத்தாத மகிழ்ச்சி என்றே உரைகாரர் கொள்ளும் வகையில் வரையறுக்கிறது. புலன் என்பதைக் கல்வியால் வரும் அறிவு எனவும், விளையாட்டு என்பதை ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடித் திரிவது எனவும் விளக்குவர். ஊர்க்குளத்தில் ஆடுவது அறிவுடைமைக்கு இணையாக ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது எளிதில் கடந்துபோகத்தக்க செய்தியன்று.

இவ்விரு நோக்குகளையும் ஒரே பாட்டுக்குள் மோதவிட்டவர் பக்குடுக்கை நன்கணியார். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் அவர் ஒரு வீட்டில் சாப்பறையும் மறு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கும் ஊரைக் காட்டி, இவ்வாறு படைத்தவனைப் பண்பிலாதவன் என்று கடிந்து, உலகம் கொடியதென்று ஒப்புக்கொண்டு, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காண வேண்டும் என்று முடிக்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது முடிவுரை யாரை நோக்கியது என்பது. துயரத்தை அறியாதவருக்கு அவர் இனிமையைப் பரிந்துரைக்கவில்லை. அறிந்தவரிடமே அப்பொறுப்பை ஒப்படைக்கிறார். நிலையாமையை உணர்வதும் இனிமையைக் காண்பதும் எதிரெதிர் வழிகள் என்னும் எண்ணம் அத்துடன் தளர்கிறது. விவிலியத்தின் சபை உரையாளர் நூலும் எல்லாம் வீண் எனத் தொடங்கி, உண்பதையும் குடிப்பதையும் உழைப்பில் மகிழ்வதையும் கடவுளின் கொடை என்று ஏற்பதை நோக்கும்போது, லிங்கராஜபுரத்தின் தேவாலயத்தில் அமர்ந்திருக்கும் தமிழர் இருவேறு மரபுகளின் வழியே ஒரே இடத்துக்கு வந்து சேர முடியும் என்பது விளங்கும்.

பேறு என்னும் பக்கத்துக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பெரிய சான்று திருநாவுக்கரசர். பல்லவ மன்னனின் ஆணையால் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட வேளையில் அவர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் பதிகத்தின் முதற்பாட்டு, இறைவனின் திருவடி நிழலுக்கு உவமை தேடி வேதத்திடமோ தத்துவத்திடமோ போவதில்லை. இசை, நிலவு, காற்று, பருவம், நீர்நிலை என எவருக்கும் எளிதில் கிட்டுகின்ற ஐந்து இனிமைகளையே அடுக்குகிறது. மாலைநேரத்து இன்பத்தை ஒருமுறையும் முழுமையாக நுகராதவர் இந்த உவமையைச் சொல்லியிருக்கவும் முடியாது, கேட்டு உணரவும் முடியாது. ஆகவே சிறு மகிழ்ச்சி முத்திக்குத் தடை என்பது அரைகுறை உண்மை. பேரின்பம் என்ற ஒன்றைப் பேசுவதற்கு மனிதருக்கு அதுவே கைவசமுள்ள மொழி. பின்னாளில், 13ஆம் நூற்றாண்டில், மெய்கண்டாரை முதல்வராகக் கொண்டு வளர்ந்த சைவ சித்தாந்தம் உயிருக்குச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்னும் இயல்பைக் கூறியது. எதனைச் சார்கிறதோ அதன் தன்மையை உயிர் ஏற்கும் என்பது இதன் பொருள். இக்கொள்கையைக் கொண்டு பார்த்தால், மகிழ்ச்சி சிறிதா பெரிதா என்பதைவிட அது மனிதரை எத்தகையவராக ஆக்குகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பெங்களூர் உணவகங்களில் வழங்கும் 'பை டூ' முறையை இவ்வளவுகோலால் அளக்கலாம். ஒரு காபியை வாங்கி இரண்டு தம்ளர்களில் பாதிப் பாதியாகப் பெற்றுக்கொள்வது அம்முறை. நின்றபடியே உண்ணும் தர்ஷினிகளில் இதனைக் கேட்பவரை எவரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. காபியின் அளவு பாதியாகிறது, அதன்மேல் நடக்கும் பேச்சோ நீள்கிறது. சிக்கனத்தில் பிறந்த ஒரு வழக்கம் நட்பின் சடங்காக மாறிவிட்டதை எந்தச் சமயமும் குறைகூற இயலாது.

பழமை ஏக்கம் இவ்வளவு எளிதில் தேர்ச்சி பெறுவதில்லை. 1688இல் பாசெல் நகரின் மருத்துவ மாணவர் யோகன்னஸ் ஹோஃபர், அயல்நாட்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்தினரிடம் கண்ட ஊர் ஏக்கத்தை நோயாகவே வகைப்படுத்தி ஆய்வேடு எழுதினார். தண்டுக்கு வந்த முதல் தலைமுறைச் சிப்பாய்களின் ஏக்கத்தை எந்த மருத்துவரும் அவ்வாறு எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வெகுமுன்பே, புறநானூற்றின் 243ஆம் பாட்டில், கைத்தடி ஊன்றி இருமலுக்கிடையே பேசும் ஒரு முதியவர், மருத மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை எங்கே போயிற்று என்று வியக்கிறார். அவர் இயற்பெயர் தெரியாமல், பாட்டில் வரும் அக்கைத்தடியாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். அவர் ஏக்கம் நலமானது. இளமை திரும்ப வேண்டும் என்றோ, இக்கால இளைஞர் கெட்டுவிட்டனர் என்றோ அவர் சொல்லவில்லை. இருந்தது, இனித்தது, போய்விட்டது என்ற மூன்றையும் ஒருசேர ஏற்கிறார்.

பெங்களூரின் ஏக்கப் பேச்சு பலவேளை இந்நேர்மையைக் கைவிடுகிறது. மின்விசிறியே தேவைப்படாத கோடை, சந்தடியில்லாத சாலை, எல்லாரும் எல்லாரையும் அறிந்த தெரு என்று விரியும் அப்பேச்சில், யாருடைய வருகையால் எல்லாம் கெட்டது என்னும் கேள்வி மெல்ல நுழையும்போது ஏக்கம் வெறுப்புக்கு வாசல் திறக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை பாய்ந்து, பல்லாயிரவர் மாநிலத்தை விட்டு வெளியேற நேர்ந்ததை மறந்துவிட்டுப் பழைய பெங்களூரைப் பொற்காலமாகப் பாடுவது பொய். அந்நிகழ்வை மட்டுமே நினைத்துக்கொண்டு, முன்பும் பின்பும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த கன்னட, தமிழ்க் குடும்பங்களின் இயல்பான இணக்கத்தை மறப்பதும் அதே அளவு பொய்.

நன்னம்பிக்கை என்பதை இச்சூழலில் வைத்தே வரையறுக்க வேண்டும். நாளை நல்லதாகவே விடியும் என்ற கணிப்பு நன்னம்பிக்கை ஆகாது. அது பொய்க்கக்கூடிய சோதிடம். விளைவு உறுதியாகாத நிலையிலும் வாழ்வைத் தொடரத்தக்கதாக நடத்துவதே நன்னம்பிக்கையின் பொருள் என்று கொள்வது, இடுக்கண் அழியாமை என்னும் குறள் அதிகாரத்தோடு பொருந்தும். இதற்கு நகரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அல்சூர் ஏரி அருகே 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. லிங்கராஜபுரம் அடங்கிய சட்டமன்றத் தொகுதியின் பெயரும் சர்வக்ஞநகர் என்பதே.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு மறுப்பைக் கேட்டாக வேண்டும். சிறியவற்றில் மகிழுங்கள் என்னும் அறிவுரை, குடிநீருக்கும் கழிவுநீர் வடிகாலுக்கும் போராட வேண்டியவர்களின் வாயை அடைக்கப் பயன்படும் என்பது அம்மறுப்பு, அது நியாயமானது. உள்ளவற்றில் மனநிறைவு கொள்வது ஒருவர் தமக்கே விதித்துக்கொள்ளும் நோன்பாக இருக்கும்வரை அறம். வசதி படைத்தவர் வசதியற்றவருக்கு அதனைப் போதிக்கும்போது அது சுரண்டலின் துணைக்கருவி. நன்கணியாரும் படைத்தவனைக் கடிந்த பிறகே இனியவற்றைச் சுட்டினார் என்பதால், குறையைக் கூறும் உரிமையும் மகிழும் உரிமையும் சேர்ந்தே வரவேண்டும்.

பெங்களூர்த் தண்டைப் பற்றிய எழுத்துகள் படைப்பிரிவுகள், மாளிகைகள், மன்றங்கள் ஆகியவற்றின்மேல் காட்டிய அக்கறையை அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அன்றாட இன்பங்கள்மேல் காட்டவில்லை. லிங்கராஜபுரத்திலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் உள்ள இளைய தமிழர், தங்கள் பாட்டிமார் எதைச் சமைத்தனர், எந்தத் திருவிழாவுக்கு நடந்தே போயினர், அண்டை வீட்டாரோடு எந்த மொழியில் சண்டையிட்டுச் சமாதானம் ஆயினர் என்பதையெல்லாம், அவற்றுடன் வந்த அச்சத்தையும் இழப்பையும் நீக்காமல், அவர்கள் சொல்லும் தமிழிலேயே இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.