கோட்டுக்குக் கீழே



பள்ளிப் படிப்பை முடித்த என் சகோதரி மகன் ஒருநாள் கடைக்கு வந்து, "மாமா, நான் சர்வீஸ் டிசைன் படிக்கப் போகிறேன்" என்றான். "வருகிறவரைக் கவனிப்பதற்கும் ஒரு படிப்பா? கல்லாவில் நின்றால் தானாக வந்துவிடுமே!" என்று சிரித்தேன். அவன் கோபிக்கவில்லை. "ஒரு வாரம் இங்கே நிற்க இடம் கொடுங்கள்" என்றான்.

அந்த வாரம் அவன் ஒன்றும் விற்கவில்லை. வருகிறவர் எங்கே தயங்குகிறார், எதைக் கேட்கிறார், எத்தனை நிமிஷம் காத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டே இருந்தான். ஏழாம் நாள் என் தராசைக் காட்டினான். அதன் எண்கள் எங்கள் பக்கம் மட்டுமே தெரியும். "நீங்கள் சரியாகத்தான் நிறுக்கிறீர்கள். வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்?" என்றான். இருபது வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி!

இந்தத் தொழிலின் விஷயம் இதுதான். அமெரிக்காவில் வங்கி உத்தியோகத்திலிருந்த லின் ஷோஸ்டாக் என்னும் அம்மையார், 1984-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தெருமுனையில் சப்பாத்துக்குப் பாலிஷ் போடும் தொழிலை எடுத்துக்கொண்டு, துடைப்பது முதல் காசு வாங்குவது வரை படிப்படியாக வரைந்து காட்டினார். எங்கே பிழை நேரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் குறித்தார். நடுவே ஒரு கோடு. மேலே இருப்பது வாடிக்கைக்காரர் காண்பது. கீழே இருப்பது அவர் காணாதது. 1991-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இது வடிவமைப்புக் கல்வியில் ஒரு பாடமாயிற்று. இன்று வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அரசாங்க இலாகாக்களிலும் இதற்கு வேலை உண்டு.

வேலை உண்டு, சரி. அது நல்ல வேலையா?

சம்பளம் கொடுப்பவர் முதலாளி. அந்த ஏற்பாட்டில் புகுந்து வெளியே வருகிறவர் வாடிக்கைக்காரர். இருவர் நலமும் ஒன்றாயிருக்கும்வரை தொல்லையில்லை. மாறுபட்டால்? சந்தாவில் சேர ஒரே பொத்தான். விலகவோ பத்துப் படி ஏறி இறங்க வேண்டும். இத்தகைய தந்திரங்களுக்கு 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேயர் 'இருண்ட வடிவங்கள்' என்று பொருள்படப் பெயரிட்டார். அவற்றையும் கெட்டிக்காரன் ஒருவன் உட்கார்ந்துதான் வரைந்திருக்கிறான்.

"சொன்னதைச் செய்வது வேலைக்காரன் கடமை, குற்றம் முதலாளியுடையது" என்பர் சிலர். நான் ஒப்பமாட்டேன். பொய்யடி வைத்த அளவுப்படியை, எதற்கென்று தெரிந்தே செய்துகொடுத்த தச்சனுக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டல்லவா?

ஆகவே மருமகனுக்கு மூன்று சொன்னேன். வரைவதற்கு முன் ஜனங்கள் வரிசையில் நிற்குமிடத்தில் நீயும் நின்று பழகு. செய்த வேலைகளை, தவறிப்போனவை உட்பட, ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்; வேலை கேட்கும்போது பட்டத்தைவிட அது பேசும். கோட்டுக்குக் கீழே இருப்பதை வாடிக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் நீ வெட்கப்படுவாயானால், அதை வரையாதே.

"வரையமாட்டேன் என்றால் வேலை போய்விடுமே, மாமா?" என்றான்.

"போனால் இங்கே வா, கடை இருக்கிறது" என்றேன். இரவெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்தியது. மாமனுக்குக் கடை இல்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்? நேர்மையாயிரு என்று வாலிபர்களுக்கு உபதேசிப்பது சுலபம். அந்த நேர்மைக்கு அவர்கள் சோற்றை விலையாகக் கேட்காதிருப்பது, வேலை கொடுக்கிற நம் பொறுப்பு.

தராசை இப்போது திருப்பி வைத்திருக்கிறேன். உங்கள் கடையில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நாளைக் காலை கவனியுங்கள்.