பிறக்கப்போகும் குழந்தைக்குப் பட்டியல் போடலாமா?

பிரதோஷ தரிசனம் முடிந்து, கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையோரம் நடந்து வந்துகொண்டிருந்தோம். கூட வந்த தோழியின் முகம் வாடிக் கிடந்தது. மகள் அமெரிக்காவில், நியூஜெர்ஸியில் இருக்கிறாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். பூரித்துப் போயிருக்க வேண்டிய நேரத்தில் என்ன கவலை?

போனை எடுத்து நீட்டினாள். "இதைப் பாருங்கக்கா. குழந்தைக்கு என்னென்ன வேணும்னு பொண்ணு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கா. தொட்டில், தள்ளுவண்டி, கார் சீட், டயபர்... பக்கத்துலயே விலை! இதைச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பணுமாம். பிறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்குவாங்களா? அதுவும், வாங்கிக் குடுங்கன்னு நாமளே கேட்கறதா? கோபத்துல 'பிச்சை எடுக்கறியாடி'ன்னு கேட்டுட்டேன். நாலு நாளா பேச்சே இல்ல..."

பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருந்தால், இன்று இல்லாவிட்டாலும் நாளை இந்தப் பட்டியல் உங்கள் போனுக்கும் வரும். 'பேபி ரெஜிஸ்ட்ரி' என்று பெயர். கர்ப்பிணியும் கணவரும் ஒரு கடையில் தங்கள் பெயரைப் பதிந்து, தேவையான பொருட்களைக் குறித்து வைப்பார்கள். உறவும் நட்பும் அதிலிருந்து ஒன்றை வாங்கினால், 'இது வாங்கியாயிற்று' என்று பட்டியலில் குறிப்பு விழுந்துவிடும். 1924-ல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை, கல்யாணப் பெண்களுக்காகத் தொடங்கிய வழக்கம், பிறகு குழந்தைக்கும் வந்தது. ஒரே பொருளை நாலு பேர் வாங்கிவரக் கூடாது என்பதுதான் நோக்கம். நம் வீட்டுக் கல்யாணங்களில் வந்து குவிந்து, இன்றும் பரணில் தூங்கும் சுவர்க் கடிகாரங்களை நினைத்தால், 'அட, நமக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாமே!' என்றுகூடத் தோன்றுகிறது.

சரி, பிறக்கும் முன் வாங்கலாமா?

நம் பெரியவர்கள் வாங்க மாட்டார்கள். வளைகாப்பில் வளையல் தாய்க்குத்தான். குழந்தைக்கு ஒரு நூல்கூடக் கிடையாது. பிறந்த பிறகும், புண்ணியாஹவாசனம் வரை தாத்தாவின் பழைய வேட்டியும் பாட்டியின் நைந்த நூல் புடவையும்தான் சட்டை, மெத்தை எல்லாம். யூதர்களிலும் பலர், குழந்தை பிறக்கும் முன் பொருட்களை வீட்டுக்குள் கொண்டு வருவதில்லை. கண்ணேறு பயம் என்று சொல்லி நாம் இதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், உள்ளே இருப்பது கருணை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆசை ஆசையாய் எட்டாம் மாதமே தேக்குத் தொட்டில் செய்து வைத்தார்கள். குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பெண்ணின் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தொட்டில்தான். அப்படி ஒரு காட்சி எந்தத் தாய்க்கும் வேண்டாம் என்றுதான் பெரியவர்கள் 'பொறு' என்றார்கள்.

ஆனால், அங்கே நிலைமை வேறு சகோதரிகளே! சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கார் சீட் இல்லாமல் பச்சைக் குழந்தையைக் காரில் கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்காது. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொல்ல முடியாது! (இதை மட்டும் யாரோ பயன்படுத்தியது என்று வாங்கிவிடாதீர்கள். கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு.) ராத்திரி இரண்டு மணிக்கு, 'மாமி, கொஞ்சம் ஓமத் தண்ணி இருக்கா?' என்று தட்ட பக்கத்து வீடு கிடையாது. முன்கூட்டி வாங்கி வைப்பதால் தெய்வத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்றாகிவிடாது. சீமந்தமே பிறப்பதற்கு முன் செய்கிற சம்ஸ்காரம்தானே? மனசு கேட்கவில்லையென்றால், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் ஒரு சிநேகிதி வீட்டில் வைத்திருக்கச் சொல்லலாம். சம்பிரதாயத்தின் கருணையும் கெடாது, காரியமும் கெடாது.

இரண்டாவது கேள்விதான் கடினம். வாய்விட்டுக் கேட்கலாமா?

குசேலர் கதையை நினைத்துப் பாருங்கள். துவாரகைக்கு வந்த நண்பனிடம், 'எனக்கு என்ன கொண்டுவந்தாய்?' என்று முதலில் கேட்டது யார்? சாட்சாத் கண்ணபிரான்! குசேலர் வெட்கப்பட்டு மறைத்த அவல் முடிச்சைப் பிடுங்கி அல்லவா தின்றான்! உரிமை உள்ள இடத்தில் கேட்பது பிச்சை ஆகாது, அது அன்பு. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கண்ணன் கேட்டது குசேலரின் கையில் இருந்ததை. இல்லாததைக் கேட்கவில்லை.

பட்டியலில் சிக்கல் வருவது இங்கேதான். கும்பகோணத்தில் இருக்கும் சித்தி அதைத் திறக்கிறாள். தள்ளுவண்டி சில நூறு டாலர். மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, சத்தமில்லாமல் போனை மூடுகிறாள். ஆசையாய்ப் பின்னி வைத்த கம்பளிக் குல்லாவை, 'இதுல இது இல்லியே' என்று பீரோவிலேயே வைத்துவிடுகிறாள். மொய் நோட்டு வந்ததைத்தான் எழுதும். இது வர வேண்டியதை முன்னாலேயே எழுதிவிடுகிறது. அதனால்தான் சித்தியின் குல்லாவுக்கு அதில் இடமில்லாமல் போகிறது.

"அப்போ யாருக்கும் அனுப்பாதேன்னு சொல்லிடட்டுமா?" என்றாள் தோழி.

வேண்டாம் என்றேன். 'என்ன வாங்கட்டும்?' என்று அவர்களாகக் கேட்கிற அலுவலக நண்பர்களுக்கு அது எவ்வளவு சௌகரியம்! அவர்களுக்கு அனுப்பட்டும். எச்சில் துணி, பால் புட்டி என்று நாலு சிறிய சாமான்களையும் சேர்க்கட்டும். ஊரில் இருக்கிற பெரியவர்களுக்கு மட்டும் பட்டியல் போக வேண்டாம். போனில் ஆசீர்வாதம் கேட்டால் போதும். கொடுப்பதை அவர்கள் தீர்மானித்துக் கொள்வார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். உன் பெண்ணுக்கு அது பேராசை இல்லை, பயம். முன்பின் தெரியாத காரியம். கூட யாரும் இல்லை. எதை வாங்கினால் எல்லாம் சரியாக நடக்கும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். இதைக் கேட்டதும் தோழிக்குக் கண் கலங்கிவிட்டது.

திருச்சி தாயுமானவரைத் தெரியாதவர் உண்டா? பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. மகளுக்கு வேண்டிய மருந்தும் எண்ணெயும் கட்டிக்கொண்டு தாய் புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே ரத்னாவதி தவிக்க, ஈசனே அவள் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்தபோது, வீட்டில் இரண்டு அம்மாக்கள்! சித்திரைத் திருவிழாவில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவத்துக்காக வாழைத்தார் நேர்ந்துகொள்வதும் அந்தச் சந்நிதியில்தான். மூட்டை வந்து சேரவில்லை; ஆனால் அம்மா வந்துவிட்டாள்!

தோழியின் மகளின் பட்டியலில் 62 பொருட்கள் இருந்தன. அம்மா என்று ஒரு வரி அதில் இல்லை. அதை எந்தக் கடையில் பதிவது?

அன்று இரவே தோழி மகளுக்குப் போன் செய்துவிட்டாள். "லிஸ்ட்ல தொட்டில் பேர்ல யாரும் டிக் போடாம பார்த்துக்கோ. அது அப்பாவோடது" என்றாளாம். மறுநாள் நான் போனபோது, கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம். ஓரமாக, துவைத்து மடித்த நாலு பழைய வேட்டிகள். "விமானத்துல 23 கிலோதான் ஒரு பெட்டிக்கு. இதெல்லாம் அங்க எதுக்குன்னு இவர் கேட்கறார்" என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.