எதற்கும் இருக்கட்டும்

2018 மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போக, திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் வந்தது. அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே மாதம் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

அடித்தவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்பே, வட மாநிலக் கும்பல் ஒன்று பிள்ளைகளைக் கடத்த வந்திருப்பதாக வீட்டில் உட்கார்ந்தபடி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்களே, அவர்களுக்கு இந்தச் சாவில் பங்கு உண்டா?

அவர்கள் தரப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொய்யென்று தெரிந்தே அனுப்பியவர்கள் சிலராகத்தான் இருக்க முடியும். மற்றவர்கள் பிள்ளை பெற்றவர்கள், அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். பேப்பர்காரன் எழுதினால் சந்தேகப்படுகிறவர்கூட அண்ணன் அனுப்பினால் நம்புகிறார். அண்ணன் பொய் சொல்ல மாட்டார், சரி. ஆனால் நடந்ததை அண்ணனும் பார்க்கவில்லையே! அவருடைய நல்ல குணத்தை, அவர் காணாத சம்பவத்துக்குச் சாட்சியாக நிறுத்திவிடுகிறோம்.

அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. முடிவில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டிய கை ஒன்று. நல்லெண்ணத்தோடு பரப்பிய கைகளை எண்ண முடியாது.

பொய்யாகவே இருந்தாலும் என்ன நஷ்டம், எதற்கும் இருக்கட்டும் என்பதுதான் அனுப்புகிறவரின் கணக்கு. நஷ்டம் இருக்கத்தான் செய்கிறது, அவர் பக்கம் வருவதில்லை, அவ்வளவே. தமிழ் தெரியாத கட்டடத் தொழிலாளி, மனநலம் பாதித்துத் தெருவில் அலைகிறவர், வழி தெரியாமல் வந்த வெளியூர்க்காரர் ஆகியோர் தலையில் அது விழுகிறது. முகம் தெரியாதவரின் உயிரைப் பணயம் வைத்து நம் மனப்பதற்றத்தைத் தணித்துக்கொள்வதற்கு எச்சரிக்கை என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

அடித்தவனுக்கும் அனுப்பியவருக்கும் ஒரே அளவு குற்றம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தெரியாமல் செய்தேன் என்ற சமாதானம், தெரிந்துகொள்ள வழியற்றவருக்கே பொருந்தும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட எல்லோராலும் முடிந்திருக்கும்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. வேகம் குறையும், பொறுப்பு வந்துவிடாது. அனுப்பியது பொய்யென்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அழித்துவிடுவது நம் வழக்கம். அது போதாது. எந்தெந்தக் குழுவில் போட்டீர்களோ, அங்கெல்லாம் ‘நான் அனுப்பியது தவறு’ என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.