விபத்துற்றார்க்காக வேண்டுதல்

கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்பின் பொருட்டு நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலிலும் மோட்டாரிலும் சென்று மீளும் நம்மவர் பலர். அவர்களுள் ஒருவர் நெடுஞ்சாலையில் விபத்துற்று நினைவிழந்து கிடக்கின்றார் என்னும் செய்தி இல்லம் வந்து சேருமாயின், மனைவியார் முதற்கண் செய்வது யாது? உற்றார்க்கும் நண்பர்க்கும் சொல்லியனுப்புகின்றார். "அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்கின்றார். சொல்லி முடித்தபின் அவருக்கே ஓர் ஐயம் பிறக்கின்றது. திரிசரணம் ஏற்ற நாம், யாரை வேண்டுமாறு பிறரைக் கேட்டோம்?

பண்டித அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட நாளிலிருந்து நம் குடும்பங்கள் இவ்வினாவை ஏதேனும் ஒரு வடிவில் எதிர்கொண்டே வருகின்றன. 1956-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளை ஏற்றோர்க்கு இது இன்னும் கூர்மையாகத் தைக்கும். உடல் நலமுள்ள நாளில் உறுதிமொழி காத்தல் எளிது. அறுவைச் சாலையின் வாயிலில் நள்ளிரவில் நிற்கும்போதன்றோ அதன் கனம் தெரிகின்றது!

நம்முள் சிலர் உடனே விடையிறுப்பர்: "எல்லாம் அவரவர் கர்மவினை, வேண்டி ஆவதென்ன?" இதனைப் பௌத்தம் என்று எண்ணிச் சொல்வாரை நாம் வன்மையாக மறுக்கின்றோம். மோலிய சீவகன் என்னும் துறவி, மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினைப் பயனோ என்று வினவியபோது, பகவன் புத்தர் ஆம் என்று கூறினாரில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுபாடு, ஒழுங்கற்ற பேணுதல், திடீரென வந்து தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். வினை எட்டனுள் ஒன்றேயாகும். இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 விபத்துக்கள் நிகழ்ந்து 1,68,491 பேர் மாண்டனர் என மத்திய அரசின் கணக்கு கூறுகின்றது. இவற்றுள் மிகப் பெரும்பங்கு மிகுவேகத்தால் விளைந்தது என்பதும் அக்கணக்கிலேயே உள்ளது. வேகத்திற்கும் உறக்கக் கலக்கத்திற்கும் விளக்கில்லா வளைவிற்கும் உரிய பழியை அடிபட்டவர் தலையில் முற்பிறவியின் பெயரால் ஏற்றுதல், பிறப்பினால் தாழ்ந்தோம் என்று நம் முன்னோர் தலையில் ஏற்றிய அதே பழைய சூதன்றி வேறன்று.

இனி, வேண்டுதலால் எலும்பு கூடுமோ எனின், கூடாது. அசிபந்தகபுத்தன் என்னும் ஊர்த்தலைவனுக்குப் பகவர் ஒரு காட்சியைக் காட்டினார். பெரும்பாறை ஒன்றை ஆழ்ந்த நீர்நிலையில் எறிந்துவிட்டு, மக்கள் திரண்டு வந்து கைகுவித்து வலம் வந்து, பாறையே எழுக, மிதந்து கரை சேர்க என்று போற்றினால் அது எழுமோ என்று கேட்டார். எழாது என்றான் அவன். இக்காலத்தாரும் இதனைச் சோதித்துப் பார்த்தனர். அமெரிக்க நாட்டில் இருதய அறுவை செய்துகொண்ட 1802 நோயாளிகளை வைத்து நிகழ்ந்த ஆய்வொன்று 2006-இல் வெளிவந்தது. பிறர் தமக்காக வேண்டுகின்றனரோ இல்லையோ என உறுதியாக அறியாதிருந்தோருள், வேண்டப்பெற்றோரில் நூற்றுக்கு 52 பேர்க்கும் வேண்டப்பெறாதோரில் 51 பேர்க்கும் பின்விளைவுகள் நேர்ந்தன. வேண்டப்படுகின்றோம் என்பதை உறுதியாக அறிந்தவர்க்கோ 59. (இவ்வெண்களைக் கையில் ஏந்திக் கிறிஸ்தவ அண்டைவீட்டாரோடு வழக்காடப் புறப்படுவோர்க்கு ஒரு சொல்: பரித்தம் ஓதினால் முறிவு பொருந்தும் என்று பேசும் நம்மவர்க்கும் இக்கணக்கே பொருந்தும்.)

அங்ஙனமாயின் பரித்தம் ஓதுவது எதற்கு? மகாகாசியபரும் மொக்கல்லானரும் நோயுற்றபோது பகவரே போத்தியங்கம் ஏழினையும் எடுத்துரைத்தார். தாம் நோயுற்றபோது சுந்தரை ஓதச் செய்து கேட்டார். கிரிமானந்தரிடம் ஆனந்தரை அனுப்பிப் பத்து நினைவுகளை உரைக்கச் செய்தார். இவர்கள் நலமுற்றனர் என்றே நூல் கூறும். ஆனால் உற்றுநோக்குக: அச்சொற்கள் விண்ணை நோக்கிச் செல்லவில்லை, படுக்கையிற் கிடந்தவர் செவியை நோக்கிச் சென்றன. அவர் தாமே நெடுநாள் பயின்ற தம்மத்தை நோயின் நடுவே அவர்க்கு நினைவூட்டின. நினைவிழந்து கிடப்பவர் பொருட்டு நாம் ஓதும்போதும், அவ்வோசை வெளியே அஞ்சி அமர்ந்திருக்கும் தாயையும் மனைவியையும் சேர்கின்றது. நடுங்கும் கையொன்று சற்றே அமைதியுறுமாயின், அக்கை மருத்துவர் நீட்டும் தாளில் பிழையின்றி ஒப்பமிடும். அதற்கு மேல் நாம் உரிமை கொண்டாடுவதில்லை.

ஆதலின் "வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற அம்மையாரைக் கடிந்துகொள்ள வேண்டா. அவர் கேட்டது தெய்வத்தின் தலையீட்டையன்று. என்னைத் தனியே விட்டுவிடாதீர்கள் என்பதே அச்சொல்லின் உட்பொருள். அதற்கு மறுமொழி சொல்லாமல் கொள்கை பேசுவோன் தம்மத்தைக் கற்றானல்லன். வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்ட பகவர், தாமே நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். தலைப்புறம் தாமும் காற்புறம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினார். அயலார் எவரும் ஏன் பேணவில்லை என்று மற்றப் பிக்குகளைக் கேட்டார். நம்மையும் அக்கேள்வி கேட்கும். குருதி வேண்டும், 18 வயது நிரம்பி 65 வயதுக்குட்பட்ட நலமுள்ளோர், ஆடவர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் பெண்டிர் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் வழங்கலாம். இரவில் கண்விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். பணம் வேண்டும், இதைத்தான் கேட்க நாணுவர், ஆகையால் கேட்குமுன் கொடுக்கவேண்டும்.

அக்கம்பக்கத்தார் தத்தம் தேவரை வேண்டுவதாகச் சொன்னால், நன்றி கூறி ஏற்றுக்கொள்ளலாம். தம்மைச் சரணடைந்த உபாலி என்னும் செல்வனிடம், நிகண்டர்க்கு இதுவரை இட்டுவந்த உணவை நிறுத்தலாகாது என்று பகவர் பணித்ததை நினைக்க. முதிய தாய் ஒருத்தி மறைவாக முடிகாணிக்கை நேர்ந்துகொண்டாள் எனத் தெரியவந்தால், அன்று அவளோடு வாதிடுவதால் யாது பயன்?

இவையெல்லாம் ஒப்பளவில் எளியவை. அரியது வேறொன்று. மைத்திரி எல்லா உயிர்க்கும் என்றால், மோதிய லாரியின் ஓட்டுநனுக்கும் உண்டோ? நம்முள் பலர் இவ்விடத்தில் வாய்மூடிக்கொள்வர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் கடமையை ஓட்டுநன் மீதே சுமத்துகின்றது. ஆனால் மக்கள் கூட்டத்தின் வெஞ்சினத்தால் அது இயலாவிடில் விலக்கு அளிக்கின்றது. அடிக்குத் தப்பியோடும் ஓட்டுநனோடு அடிபட்டவரைக் கொண்டுசெல்ல அருகிருந்த வண்டியும் போய்விடக்கூடும் என்பதைச் சட்டம் அறிந்திருக்கின்றது. சினந்து சூழும் கூட்டம் அறிவதில்லை. துணைபுரிந்த வழிப்போக்கரை வழக்கினின்று காக்கும் பிரிவும் 2019-இல் சேர்க்கப்பட்டது. ஆயினும் உதைக்க நீளும் கால்களுள் எத்தனை, தூக்கக் குனிகின்றன? சாலையோரத்தில் பிறர் வீட்டு விபத்தின்போது நம் உள்ளத்தில் சினம் அடங்கியிருத்தல், நாளை நம் வீட்டாரின் உயிருக்கு ஒரு நாழிகையை ஈட்டித் தரலாம். குற்றம் செய்தவன் நீதிமன்றத்தில் விடை சொல்லட்டும், இழப்பீடும் கேட்போம். இவை மைத்திரிக்கு மாறானவையல்ல.

அவ்வில்லத்தில் மெத்த சூத்திரம் ஓத நாம் கூடும் மாலையில், அவ்வோட்டுநனும் அவன் மனைவி மக்களும் நலமுறுக என்று ஒரு சொல் சேர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. வீட்டார் அதனைச் சொல்ல மறுப்பர், அவர்களை வற்புறுத்தலாகாது. அவர்களால் அன்று இயலாததை, வந்திருக்கும் நாம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, இரவுக் காவலுக்கு யார் செல்வது என்று முடிவு செய்யலாம்.